துப்பட்டிக்குள் நண்டு

தூக்கத்தில் அம்மு நண்டு ரசம் கேட்டாள். முழிப்பு வந்ததும் அப்படிக் கேட்டதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

இரண்டையும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் கருணாகரனுக்கு, இவர்களில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. தூங்குகிறவள் பிழைக்கப் பார்க்கிறாள். முழித்திருக்கிறவள் சாகப் பார்க்கிறாள். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் டி.பி. வார்டு அது. அம்முவுக்கு நெஞ்சில் டி.பி. மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் வெறும் வயிற்றில் போனால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். இட்லி ஆகவில்லை, பால் ஆகவில்லை, ரொட்டியின் வாசனைக்கே குமட்டினாள். தோள்பட்டை எலும்பு நைட்டியைக் குத்திக்கொண்டு நின்றது. டாக்டரம்மா கருணாகரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சாப்பிட்டாத்தான் மாத்திரை நிக்கும். மாத்திரை நின்னாத்தான் இவங்க நிப்பாங்க. வாய்க்கு எது பிடிக்குதோ கொடுங்கப்பா. எதுவா இருந்தாலும் சரி."

எதுவாக இருந்தாலும் என்பதில் நண்டும் அடங்கும். டாக்டரம்மாவின் கணக்கில் அடங்கும். அம்முவின் சபைக் கணக்கில் அடங்காது. சிக்கல் அங்கேதான்.

அந்தச் சபை கல்மண்டபத்தில் ஒரு பேட்டரி கடையின் மாடியில் இருந்தது. பாஸ்டர் நோயல் நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனி வரப்போவதை வைத்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கருணாகரனுக்கும் அம்முவுக்கும் ஒரே பிள்ளையான நிதிஷ் காய்ச்சலில் போனபோது, மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழி வெட்டுகிறவருக்கு நடுவில் முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்துக் குழிக்கு ஜெபம் பண்ண வந்திருந்த நோயல், வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஒரு சிலுவையில் மாட்டிவிட்டு, மண்வெட்டியை வாங்கி மீதியை வெட்டினார். மண் தள்ளி முடிந்ததும் அம்முவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பையன திரும்பப் பாப்பம்மா."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மு மாடி ஏறினாள். கருணாகரன் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரி கடை வாசலில் பீடி பிடித்தபடி, மேலே தன் பெண்டாட்டி அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அழுதுவிட்டு இறங்கி வருகிறவள் ராத்திரி தூங்கினாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு நோயல் எருசலேமுக்கு ஒரு யாத்திரை போய்வந்தார்.

போனவர் வேறு, வந்தவர் வேறு. தோளில் நீலக்கோடு போட்ட சால்வை. கையில் முறுக்கிக்கொண்ட ஆட்டுக்கொம்பு. வந்த முதல் ஞாயிறு அதை எடுத்து ஊதினார். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகள் பதிலுக்கு ஊதின. சபையில் பாதிப் பேர் அதை வானத்திலிருந்து வந்த பதில் என்றே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தார். நாமும் இஸ்ரவேலைப் போலப் பரிசுத்த ஜனம், அதனால் செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும்தான் நமக்கு. நண்டு, எறா, கடம்பா, சுறா எல்லாம் தீட்டு, தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது என்றார்.

வேறு ஊராக இருந்தால் ஆமென் சொல்லிவிட்டுக் கோழி வாங்கப் போயிருப்பார்கள். மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில் இதைச் சொல்வது, தபாலாபீஸில் போய் ஸ்டாம்பு தீட்டு என்று சொல்வது மாதிரி. சபை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி விடாப்பிடியாக நின்றது. கம்பெனியில் எறா உரித்துக்கொண்டிருந்த பட்டம்மாள் அன்றைக்கே வேலையை விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நண்டு விற்ற அம்மு, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு கானாங்கத்த மீன் விற்கப் போனாள்.

"இன்னாத்துக்குடி இந்த பேஜாரு?" என்று கருணாகரன் கேட்டான்.

"பரிசுத்தம் இல்லாதவங்க அங்க போவ முடியாதாம்யா. நிதிஷு அங்க தனியா கீறான்."

கருணாகரன் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.

இப்போது அவள் சாவுக்குப் பயப்படவில்லை. சாப்பாட்டுக்குத்தான் பயந்தாள். செத்தால் பிள்ளையிடம் போகலாம். நண்டு தின்றுவிட்டுச் செத்தால் போக முடியாது. இவ்வளவு தெளிவாக ஒருத்தி இருக்கும்போது புருஷன்காரன் என்ன செய்வான்? கருணாகரன் ஒரு காரியம் செய்தான். வீட்டில் தானே நண்டு ரசம் வைத்து, ஓடு கால் எல்லாம் வடிகட்டி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்து, கோழி சூப்பு என்றான்.

நண்டுக் கூடையைத் தலையில் சுமந்தே முடி கொட்டிப்போனவளிடம்.

அம்மு முகத்தில் மாஸ்க். பிளாஸ்கு மூடிகூட முழுசாகத் திறக்கவில்லை.

"யோவ். இது இன்னா?"

"கோழி."

"கோழி எப்பய்யா கடல்ல நீஞ்சிச்சு?"

அவன் மூடியைத் திருகி மூடினான். அவள் திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "என்ன எம்புள்ளகிட்டேர்ந்து பிரிக்கப் பாக்கறல்ல? இனிமே உன் கையால எனிக்கு ஒண்ணும் வாணாம். தண்ணி கூட."

சொன்னதைச் செய்தாள். ஆயா கஞ்சி கொண்டுவந்தாலும், அவன் அந்தப் பக்கம் நடமாடியிருந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதுவரை அவள் நண்டை மட்டும்தான் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அவன் புத்திசாலித்தனத்துக்கு அப்புறம் எதுவுமே சாப்பிடவில்லை.

டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். நாளைக்குக் காலையில் மூக்கு வழியாக ட்யூப் போட்டுப் பார்க்கலாம், அதையும் பிடுங்கிப் போட்டால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். அந்த வார்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் வீட்டில் ரொம்ப நாள் இருந்ததில்லை.

கருணாகரன் வார்டை விட்டு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல், கால் பழகின வழியில் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தான். மீன்பிடி லாஞ்சில் அவனோடு கடலுக்குப் போகிற கூட்டாளி சிலுவைமுத்து ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான். பரம்பரைக் கத்தோலிக்கன், கழுத்தில் ஜெபமாலை, கன்னத்தில் புகையிலை, இரண்டையும் கடலில்கூடக் கழற்றாதவன்.

"டேய் சிலுவ, நீங்கோ நண்டு துன்றீங்களே. உங்களுக்கு மோட்சம் கெடையாதா?"

"எங்களுக்கு வெள்ளிக்கெயமை கறிதான் கெடையாது. நண்டு அன்னிக்கும் உண்டு. இன்னா மாமு, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

கருணாகரன் சொன்னான். சொல்லும்போதே அழுதான். சிலுவைமுத்து குழாயை மூடாமலே கேட்டான், ஐஸ் பெட்டி நிரம்பி வழிந்தது.

"இரு இரு. எங்க ராயப்பரு கதைல ஒண்ணு வருது." ராயப்பர் என்றால் பேதுரு. ராயபுரமே அவர் பேரில் இருக்கிறது, ஆகவே ஊரில் எல்லோரும் தங்களுக்கு வாடகைக்கு இருப்பவர்கள் என்பது சிலுவைமுத்துவின் கட்சி. "ராயப்பரு மொட்ட மாடில பசியோட குந்திகினு கீறாரு. கீய சோறு இன்னும் வேவல. அப்போ வானத்துலேர்ந்து பெர்சா ஒரு துப்பட்டி, நாலு முனையும் கட்டி, அப்டியே எறங்குது. நம்ம வல மாதிரி. உள்ள பாத்தா பன்னி, பாம்பு, பல்லி, எல்லாக் கருமாந்தரமும் கீது. அட்ச்சி துன்னுன்னு மேலேர்ந்து சவுண்டு. அய்ய, கலீஜு, நான் துன்ன மாட்டேன்றாரு இவரு. நான் சுத்தம்னு சொன்னத்த நீ இன்னாடா கலீஜுன்றதுன்றாரு அவரு."

"அதுல நண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சே. எஸ்தாக்கியார் மவன்தான் நண்டு."

"இன்னாடா ஒளர்ற?"

"கோயில் திருநாளுக்கு நாடகம் போட்டோம் மாமு. நான் பன்னி. ரெண்டு பேரையும் தார்ப்பாய்ல கட்டி மாடிலேர்ந்து எறக்கினாங்கோ."

"அப்பால? துன்னாரா இல்லியா?"

சிலுவைமுத்து புகையிலையை மறு கன்னத்துக்கு மாற்றினான். "அது தெர்ல. கவுறு அந்துச்சு. நான் தரை மேல, நண்டு என் மேல. கை ஒடிஞ்சி கட்டு போட இட்டுனு பூட்டாங்கோ. மீதி கதைய நான் பாக்கல. அடுத்த வருசம் வேற கத போட்டுட்டாங்கோ."

ஒரு மனுஷியின் உயிருக்கு ஆதாரமாகக் கிடைத்த ஒரே சாட்சி, முக்கியமான இடத்தில் தார்ப்பாய்க்குள் இருந்திருக்கிறான். கருணாகரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உங்க பாஸ்டருக்கு முடிவு தெரியும் மாமு. போய் கேளு," என்றான் சிலுவைமுத்து. அன்றைய பங்கில் இரண்டு நண்டை எடுத்து, கொடுக்கைக் கட்டி, பையில் போட்டுக் கொடுத்தான். "கைல வெச்சிக்கோ. ராயப்பரு பாத்துப்பாரு."

கருணாகரன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மாடிப்படி ஏறினான், கையில் உயிரோடு இரண்டு தீட்டுடன்.

மேலே பட்டம்மாள் தரையில் உட்கார்ந்து சபை விருந்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எறா உரித்த கை சும்மா இருக்காது.

"வா கருணா. அம்மு எப்டி கீறா? பைல இன்னா?"

"காய்தான்க்கா."

"காய் கால ஆட்டுமா?"

அதற்குள் பாஸ்டர் நோயல் உள்ளேயிருந்து வந்தார். சால்வை தோளில் இருந்தது. மின்விசிறி ஓடவில்லை, வியர்வை ஓடியது. கருணாகரன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"ஐயா, நண்டு ரசம் வெச்சி கோழின்னு குடுத்தேன், கண்டுபுட்ச்சிட்டு எதையும் துன்ன மாட்டேன்றா. நாளிக்கு காலைல மூக்குல ட்யூபு போடுறாங்கோ. அவ அத்த புடுங்கிடுவா. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. துன்னு அம்முன்னு. நீங்க சொன்னா கேப்பா."

நோயலின் முகம் வெளுத்தது. அம்மு இவ்வளவு மோசம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் பூண்டு உரிக்கிற பட்டம்மாள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேடையில் பேசும் தமிழில் சொன்னார்: "கருணாகரன், சபைக்கு ஒரு கட்டளை, ஒரு சகோதரிக்கு மட்டும் வேறு கட்டளை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் அவளுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன்."

"அவளே உபவாசம்தாங்க ஐயா. நீங்க வேற எதுக்கு? ராயப்பரு துப்பட்டி கத உங்களுக்குத் தெரியும்ல?"

"பேதுரு கண்ட தரிசனமா? அது சாப்பாட்டைப் பற்றியது இல்லை." நோயல் கொஞ்சம் தெம்பானார், இது அவர் பலமுறை பிரசங்கம் பண்ணின இடம். "பலர் அப்படித் தப்பாக நினைக்கிறார்கள். அது மனுஷரைப் பற்றியது. பேதுரு யூதர். அவர் மாடியில் இருக்கும்போது கீழே வாசலில் புறஜாதி வீட்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களைத் தீட்டு என்று சொல்லாதே, கூடப் போ என்று அர்த்தம்."

"பொறஜாதின்னா யாரு?"

"யூதர் அல்லாத எல்லாரும்."

"நானு?"

"நீயும்தான்."

"அம்மு?"

"அம்முவும்."

"நீங்க?"

நோயல் சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ துப்பட்டில கெடந்த நண்டு நாமதானா ஐயா?"

பை கையில் ஒரு தடவை உதறிக்கொண்டது. பட்டம்மாள் பூண்டு உரிப்பதை நிறுத்தினாள்.

"அப்பால இன்னா ஆச்சு? அதான் சிலுவைக்குத் தெரியல. ராயப்பரு அந்த வூட்டுக்குப் போனாரா?"

"போனார்."

"அங்க துன்னாரா?"

"அவங்களோட தங்கினார்." கொஞ்சம் நிறுத்தினார். "சாப்பிட்டார். அதுக்காக அவர் ஆளுங்களே அவரைக் கேள்வி கேட்டாங்க."

"அவரு நம்மள உள்ள இஸ்துக்கினு போறதுக்காகக் கேள்வி வாங்கினாரு. நீங்க கேள்வி வரக்கூடாதுன்னு எம்பொண்டாட்டிய வெளிய தள்றீங்களே ஐயா." கருணாகரன் ஓர் அடி முன்னால் வந்தான். "அங்க, எருசலேம்ல, அவங்களா உங்களாண்ட நண்டு துன்னாதன்னு சொன்னாங்க?"

நோயல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. அவரும் இந்தக் கல்மண்டபத்துப் பிள்ளைதான். அவர் அப்பா நண்டு வியாபாரி.

"யாரும் சொல்லல கருணா. அங்க ஒரு சின்ன சபை. யூதருங்கதான், இயேசுவ நம்பறவங்க. எங்களுக்கு விருந்து போட்டாங்க. அவங்க மொறைய அவங்க வெச்சிகினாங்க, எங்கள ஒண்ணும் கேக்கல. அவங்க பாட்டு பாடினாங்க, அப்பால எங்கள தமிழ்ல பாடச் சொன்னாங்க. ஒரே மேசை. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எனிக்குத்தான்..." சால்வையை உருவி மடியில் போட்டார். "இவங்க அந்த வூட்டுல பொறந்த புள்ளைங்க, நாம எங்கேர்ந்தோ வந்து சேந்ததுன்னு இருந்துச்சு. நண்டு நாத்தத்தோட வந்து குந்திகினு கீறோமேன்னு கூச்சமாப் பூடுச்சு."

"அந்த வூட்டுக்காரரு தத்து எடுத்துக்கினாரு. நீங்க தத்துப் புள்ளைக்கு சோறு போடாம சாவடிக்கிறீங்க."

கீழே லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. யாரும் அதை வானத்துப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பேசியது பட்டம்மாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஐயா. அப்போ நான் எறா கம்பெனிய வுட்டது? எம்மருமவ வாயில வியிந்து எய்ந்து, பயைய கஞ்சி குட்ச்சிகினு கெடந்தது? அது இன்னா கணக்கு?"

நோயல் மடியிலிருந்த சால்வையைச் சுருட்டினார். "நான் சொன்னது தப்பு பட்டம்மா."

"தப்பாம்ல." பட்டம்மாள் எழுந்தாள். கருணாகரன் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினாள். பாஸ்டரின் தலையில் போடப்போகிறாள் என்றுதான் இரண்டு ஆண்களும் நினைத்தார்கள். "ரசம் நீயாடா வெச்ச, கருணா? அதான் கண்டுபுட்ச்சிட்டா. நீ வெச்சா ஊருக்கே நாறும். குடு, நான் வெக்கிறேன். நீங்க எங்க எய்ந்துக்கறீங்க ஐயா? குந்துங்க. நீங்களும் கூட வரீங்க. அவ முன்னாடி நீங்க மொதல்ல குடிக்கணும். அத்த நான் எங்கண்ணால பாக்கணும்."

சபையின் அடுப்பில், சபையின் அம்மியில், விருந்துக்கு உரித்த பூண்டில் அந்த ரசம் தயாரானது. நண்டுக் காலை அவள் இடித்த இடியில் பேட்டரி கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ஒரு ஆளைத்தான் விடுவோம் என்றார் காவலர். பாஸ்டரை வேதப்புத்தகத்தைப் பார்த்து விட்டார். கருணாகரனை முகத்தைப் பார்த்து விட்டார். பட்டம்மாளைப் பார்த்ததும், கேட்காமலே விட்டுவிட்டார்.

அம்மு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். மூடி திறந்ததும் அவள் முதுகு அசைந்தது.

"மறுபடியுமா?" என்றாள், திரும்பாமலே. காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

"அம்மு. நான்தான். நோயல்."

கஷ்டப்பட்டுத் திரும்பினாள். பாஸ்டர் தம்ளரில் ரசத்தை ஊற்றி, மாஸ்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"சார்! மாஸ்க்! இது டி.பி. வார்டு!" என்று நர்ஸ் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

"ஒரு நிமிசம் சிஸ்டர்."

குடித்தார். அம்மு, வாடிக்கைக்காரன் சரக்கை முகர்ந்து பார்ப்பதைக் கவனிக்கிற வியாபாரி மாதிரி, அவர் தொண்டையைக் கவனித்தாள். பாதித் தம்ளரில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு அதிகம் என்றார். பட்டம்மாள், மிளகு சரியாகத்தான் இருக்கிறது, மீதியைக் குடியுங்கள் என்றாள். குடித்து முடித்தார்.

"ஐயா," என்றாள் அம்மு. "நிதிஷு?"

அவர் ஏதாவது வசனம் சொல்வார் என்று கருணாகரன் நினைத்தான். வசனம் வரவில்லை.

"நான் உன்னாண்ட தப்பா சொல்லிட்டேன்மா. நண்ட வுட்டதால நீ பரிசுத்தம் ஆவல. அவரு தொட்டதால ஆன. இஸ்ரவேலு ஜனமும் அப்டித்தான், நம்மளும் அப்டித்தான். அவங்களுக்குத் தனி வாசல், நமக்குத் தனி வாசல்னு கெடையாது."

"அப்போ இத்த துன்னாலும்..."

"துன்னாலும் நீ நிதிஷு அம்மாதான். அவன் மாத்தி வேற யாரையும் அம்மான்னு கூப்புட மாட்டான்."

அம்மு காலித் தம்ளரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீ எதுக்குய்யா பொய் சொன்ன?"

"நீ செத்துருவன்னு பயம்டி."

"அதுக்குக் கோழின்னா சொல்லுவாங்க?"

இருமினாள். இருமல் நின்றதும் மாஸ்கைத் தாடைக்கு இறக்கினாள். அவன் கையால் ஒரு கரண்டி வாங்கினாள். இன்னொன்று வாங்கினாள். மூன்றாவதை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினாள். கருணாகரன் ஆண்டவரே என்றான், எந்த ஆண்டவர் என்று குறிப்பிடாமல்.

அப்போது எல்லாம் வெளியே வந்தது. ரசம், மாத்திரை, மஞ்சள் தண்ணீர், எல்லாம். பட்டம்மாள் கிண்ணத்தைப் பிடித்தாள், பாதி அவள் புடவையில் போனது. அம்மு வாந்தி எடுத்து முடிக்கும்போது கட்டிலில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"போதும், விடுங்க," என்றார் நர்ஸ். "காலையில ட்யூப் போட்டுக்கலாம்."

பாஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர் ஜெபித்தாரா, அவருக்கும் குமட்டியதா என்று தெரியவில்லை.

அம்மு புறங்கையால் வாயைத் துடைத்தாள். "யாரு வெச்சது?"

"நான்தான்டி," என்றாள் பட்டம்மாள்.

"பூண்டு ஜாஸ்தி."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். திறந்தபடியே வைத்திருந்தாள்.

கருணாகரன் கரண்டியை எடுத்தான். அவசரத்தில் பாதி போர்வையில் கொட்டியது. மீதியை அவள் வாங்கிக்கொண்டாள். அது கீழே இறங்குகிறதா, மேலே வருகிறதா என்று நான்கு பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.